கீமோ முடிந்த பிறகுதான் அழுகை வந்தது: மார்பகப் புற்றுநோயைக் கடந்த பெண்கள் மனசைப் பார்த்துக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

கடைசி கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து முடித்த அன்றைக்கு எங்கள் வீட்டில் கேசரி கிளறினார்கள். நாத்தனார் போன் போட்டு "எல்லாம் முடிஞ்சுச்சு அண்ணி, இனிமே நீங்க பழைய ஆளு" என்றாள். டாக்டர் மூன்று மாதம் கழித்து ரிவ்யூவுக்கு வரச் சொல்லி ஃபைலை மூடிக் கையில் கொடுத்தார். அதற்குப் பத்து நாள் கழித்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அழ ஆரம்பித்தவள் மதியம் வரைக்கும் நிறுத்தவில்லை. எட்டு கீமோவிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று வீட்டில் எனக்குப் பெயர்.

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம் ரிவ்யூவுக்கு வரிசையில் உட்கார்ந்திருக்கிற மற்ற பெண்களிடம் பேசப் பேசத்தான் தெரிந்தது, பாதிப் பேருக்கு மேல் இதே கதைதான். சிகிச்சை நடக்கிறவரை இந்தத் தேதியில் ரத்தப் பரிசோதனை, அந்தத் தேதியில் ஊசி என்று யாரோ ஒருவர் நம்மை நடத்திக்கொண்டு போகிறார்கள், மனசுக்கு நின்று யோசிக்க நேரமே கிடைப்பதில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபின், கேட்க ஆள் இல்லாத நேரத்தில், ஒரு வருடம் தேக்கி வைத்ததெல்லாம் மொத்தமாக வருகிறது. வீட்டிலோ அதற்குள் எல்லாரும் சந்தோஷமாகிவிட்டிருப்பார்கள்.

நான் டாக்டர் இல்லை. ஐந்து வருடம் முன்னால் இடது பக்கம் மொத்தமாக எடுத்து, இப்போது டமாக்சிஃபென் என்கிற ஹார்மோன் தடுப்பு மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவள். பட்டதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: மனசுக்கு வருவதைத் தனியாகப் பூஜையறையில் உட்கார்ந்து தீர்க்க வேண்டாம், அதையும் அதே ஃபைலில் சேருங்கள்.

எதையும் தொடங்கும் முன்

"இதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம்", "நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்கிற யோசனை வந்துபோனால் கீழே இருக்கிற படிகளையெல்லாம் விட்டுவிடுங்கள். 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ம் தேதி தொடங்கியது, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104-லும் பேசலாம். சென்னையில் 1986-லிருந்து இயங்குகிற ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. அதோடு வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், மாத்திரை டப்பாவை அவர்கள் கையில் கொடுத்து வையுங்கள்.

படி 1: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

பழைய டைரி, பால் கணக்கு நோட்டு, எதுவானாலும் சரி. தினமும் ராத்திரி நாலு விஷயம்: எத்தனை மணி நேரம் தூங்கினேன், எத்தனை தடவை உடம்பு குப்பென்று சூடாகி வேர்த்தது, இன்றைக்கு எதிலாவது மனசு ஒட்டியதா, மனசுக்கு 0 முதல் 10 வரை எத்தனை மார்க். 0 என்றால் நிம்மதி, 10 என்றால் தாங்கவே முடியவில்லை. இது நான் கண்டுபிடித்தது இல்லை. புற்றுநோய் மருத்துவமனைகளில் தெர்மாமீட்டர் படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து நோயாளியிடமே கேட்கிற அளவுகோல் இது. 4-ம் அதற்கு மேலும் வந்தால் மனநல ஆலோசனைக்கு அனுப்ப யோசிப்பார்கள்.

ஏன் இரண்டு வாரம் என்றால், மனச்சோர்வா இல்லையா என்று பார்க்க டாக்டர்கள் கேட்கிற ஒன்பது கேள்விப் பட்டியலும் "கடந்த இரண்டு வாரத்தில்" என்றுதான் தொடங்கும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27-க்கு 10 வந்தாலே கவனிக்க வேண்டிய நிலை. தமிழிலும் இருக்கிறது. ஒரு நாள் அழுவது வேறு, பதினான்கு நாளில் பத்து நாள் அழுவது வேறு. நோட்டு இல்லாமல் போனால் டாக்டர் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டதும் நம் வாய் தானாக "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிவிடும். எனக்கு மூன்று ரிவ்யூ அப்படித்தான் வீணாகப் போனது.

படி 2: உடம்பு பண்ணுகிற வேலையைப் பிரித்தெடுங்கள்

இந்தப் படியை நான் ரொம்பத் தாமதமாகச் செய்தேன், அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். நம் மனசு கெட்டுப்போனதாக நாம் நினைக்கிற பலது, உண்மையில் மருந்தும் ஹார்மோனும் ரத்தமும் பண்ணுகிற வேலை. நம் நாட்டில் இந்த நோய் மேலை நாடுகளைவிடச் சுமார் பத்து வயது முன்னதாகவே வந்துவிடுகிறது. நாற்பது, நாற்பத்திரண்டு வயதில் கீமோ போடும்போது சினைப்பை முட்டைகள் அடிபட்டு, மற்றவர்களுக்கு நாலைந்து வருடம் மெதுவாக நடக்கிற மாதவிடாய் நிற்றல் நமக்கு நாலைந்து மாதத்தில் நடந்துவிடுகிறது. வேர்த்துக் கொட்டுவது, எரிச்சல், காரணமில்லாத அழுகை, ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு, எல்லாம் அதன் கூடவே வருகிறவை. அதற்கு மேல் டமாக்சிஃபென் வேறு, ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். மாதவிடாய் நின்றவர்களுக்குக் கொடுக்கிற லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் என்றால் மூட்டு மூட்டாக வலி. காலையில் கை விரலை மடக்கவே அரை மணி நேரம் ஆகிறவளுக்கு மனசு எப்படி நன்றாக இருக்கும்?

ஆகவே முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, வைட்டமின் டி, சர்க்கரை, இவற்றைப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எனக்குத் தைராய்டு கோளாறு இருந்தது. அதற்கு மாத்திரை போட்ட ஒன்றரை மாதத்தில் பாதி பாரம் இறங்கியது. மீதி பாதிக்குத்தான் மனநல மருத்துவரிடம் போனேன்.

களைப்பும் அப்படித்தான். கேன்சர் களைப்பு படுத்துத் தூங்கினால் போகாது. "படுத்தே கிடக்கியே" என்று மாமியார் சொன்னாலும் சரி, "நீ எந்திரிக்காத, படு" என்று அம்மா சொன்னாலும் சரி, இரண்டுமே நமக்கு உதவாது. ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது நடையைத்தான். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது இலக்கு, பத்து நிமிடத்தில் தொடங்கலாம். மொட்டை மாடியில் சாயங்காலம் நடந்தேன், தெருவில் நடந்தால் விசாரிப்பார்களே என்று.

மறதிக்கும் ஒரு வார்த்தை. பால் அடுப்பில் இருப்பதை மறப்பது, கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பது, இதைக் கீமோ மூளை என்றே வெளிநாட்டில் கிண்டலாகச் சொல்கிறார்கள். பலருக்கு மாதக்கணக்கில் மெல்லச் சரியாகும், சிலருக்கு நாள் கூடும். அதுவரை போனில் அலாரம்.

படி 3: அடுத்த ரிவ்யூவில் வாய் திறங்கள்

1977-ல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண் மனநல மருத்துவர் புற்றுநோயாளிகளின் மனசுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். அதற்கு முன்பு அங்கேயே நோயின் பெயரை நோயாளியிடம் சொல்ல யோசிப்பார்களாம். நம் வீடுகளில் இன்னும் "கட்டி"தான், "அந்த வியாதி"தான்.

நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "டாக்டர், ரெண்டு வாரமா சரியா தூக்கம் இல்ல, எதுலயும் மனசு போகல, எழுதிக் கொண்டு வந்திருக்கேன். மாத்திரையாலயா வேற எதாலயான்னு பாருங்க. மனசுக்குன்னு யாரைப் பார்க்கணும்னு எழுதிக் கொடுங்க." நோட்டை மேசையில் வைத்துவிடுங்கள். டாக்டர் கண்டுகொள்ளாமல் "தைரியமா இருங்கம்மா" என்று அனுப்பப் பார்த்தால், கடைசி வாக்கியத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்கள்.

யாரைப் பார்ப்பது? பெரிய புற்றுநோய் மையங்களில் இதற்கென்று ஆட்கள் உண்டு. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் உளவியல் பிரிவு தனியாகவே இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு, ஓ.பி. சீட்டுப் போட்டால் போதும். ஆலோசகர் என்பவர் பேசிச் சரிசெய்கிறவர், மனநல மருத்துவர் மருந்தும் எழுதக்கூடியவர். சிலருக்கு ஒன்று போதும், எனக்கு இரண்டும் தேவைப்பட்டது. "பைத்தியக்கார டாக்டர்கிட்ட ஏன்" என்று வீட்டில் ஒரு குரல் கேட்கும். உடம்புக்கு ஒரு வருடம் எத்தனை டாக்டரைப் பார்த்தோம், அப்போது யாரும் கேட்கவில்லையே.

படி 4: மனசுக்கு மாத்திரை எழுதினால் ஒரு கேள்வி

டமாக்சிஃபென் போடுகிறவர்கள் இதை விடவே கூடாது. டமாக்சிஃபெனை நம் கல்லீரல் வேறு பொருளாக மாற்றினால்தான் அது முழுசாக வேலை செய்யும். ஃப்ளூவாக்செட்டின், பராக்செட்டின், புப்ரோபியான் மாதிரியான சில மனச்சோர்வு மருந்துகள் அந்த மாற்றத்தைத் தடுத்துவிடக் கூடியவை. வென்லாஃபாக்சின் போன்றவற்றில் அந்தச் சிக்கல் குறைவு, வேர்த்துக் கொட்டுவதற்கும் அது கொஞ்சம் உதவும். ஆகவே மனநல மருத்துவரிடம் உட்கார்ந்ததும் "நான் டமாக்சிஃபென் போடுறேன்" என்று சொல்லிவிடுங்கள். ஏற்கனவே அந்த மருந்துகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், திடீரென்று நிறுத்துவதும் தொந்தரவு. இரண்டு டாக்டருக்கும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள், அவர்கள் மாற்றித் தருவார்கள். வாட்ஸ்அப்பில் வருகிற முள்சீத்தாக் கஷாயத்துக்கும் இதே விதி, டாக்டரிடம் காட்டாமல் வாயில் வைக்காதீர்கள்.

படி 5: "திரும்ப வந்துடுமோ"

இந்த பயம் யாருக்கும் முழுசாகப் போனதாக நான் கேட்டதில்லை. இடுப்பு பிடித்தால் எலும்புக்குப் போய்விட்டது, தலை வலித்தால் மூளைக்கு. குளிக்கும்போது தினமும் அழுத்தி அழுத்திப் பார்த்துப் பார்த்தே வலி வரவைத்துக்கொண்ட காலம் எனக்கு உண்டு.

எனக்கு ஆலோசகர் சொல்லிக் கொடுத்தவை இரண்டு. பயத்துக்கென்று ஒரு நேரம்: சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஐந்தே முக்கால் வரை. மற்ற நேரத்தில் வந்தால் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு "ஐந்தரைக்கு வா" என்று அனுப்புவது. கேட்க அசட்டுத்தனமாக இருக்கும், நானும் சிரித்தேன். ஆனால் ஐந்தரைக்கு உட்கார்ந்தால் காலையில் எழுதியதில் பாதி எனக்கே சப்பென்று இருந்தது. இன்னொன்று, கையால் தடவிப் பார்ப்பதை மாதம் ஒரு நாள் என்று வைப்பது. இடையில் புதுக் கட்டி, தழும்பின் மேல் முடிச்சு, இரண்டு வாரமாக விடாத எலும்பு வலி, மூச்சு வாங்கல், விடாத தலைவலி, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் எது வந்தாலும் ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் போன் செய்ய வேண்டும். மற்றவை ஐந்தரைக்கு.

பயத்துக்காக டெஸ்ட் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு வருடம் ஒரு மேமோகிராமும் டாக்டரின் கைப் பரிசோதனையும்தான் சர்வதேச வழிகாட்டுதல்களில் அடிப்படை. சும்மா இருக்கிறவர்களுக்கு வழக்கமாக பெட் ஸ்கேனோ, கட்டியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனையோ எடுக்கச் சொல்வதில்லை. லேப் பாக்கேஜ் விளம்பரம் பார்த்து நானே போய் எடுத்தேன், ஒரு எண் கோட்டுக்கு மேலே லேசாக ஏறியிருந்தது, பதினெட்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, கடைசியில் ஒன்றும் இல்லை. ஸ்கேன் தரும் நிம்மதி நாலு நாள்தான் தாங்கும், ஐந்தாவது நாள் அடுத்த ஸ்கேனைத் தேடும்.

ரிவ்யூ வாரத்தைத் தனியாகத் திட்டமிடுங்கள். முதல் மூன்று வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் இடைவெளி நீளும். அந்த வாரம் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போவது, விருந்தாளியை வரச் சொல்வது எதுவும் வேண்டாம். கூட யார் வருவது, ரிப்போர்ட்டை யார் முதலில் படிப்பது என்று முன்பே பேசிவிடுங்கள். ரிப்போர்ட் வாங்கி ஆட்டோவில் உட்கார்ந்து கூகுளில் தேடுகிற வேலை மட்டும் கூடவே கூடாது.

படி 6: கண்ணாடியும் ஜாக்கெட்டும்

பீரோக் கண்ணாடியில் ஒரு வருடம் துண்டைப் போட்டு வைத்திருந்தேன். அவசரப்பட வேண்டாம். முதலில் துணியின் மேலாகக் கை வைத்து, அப்புறம் எண்ணெய் தடவும் சாக்கில் தழும்பைத் தொட்டு, அப்புறம் பார்ப்பது என்று வாரக்கணக்கில் போகலாம்.

ஆனால் என்னை உண்மையில் மூலையில் உட்காரவைத்தது டெய்லர். முந்தானை இடது தோளுக்குப் போகிறதால் எல்லாம் மறைந்துவிடும் என்று நினைப்பீர்கள், பக்கவாட்டில் தெரிவது அந்த இடது பக்கம்தான். அளவு எடுக்கும் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று ஆறு மாதம் பழைய ஜாக்கெட்டிலேயே ஓட்டினேன். ஒரு நாள் கடை திறந்ததும் கூட்டமில்லாத நேரத்தில் போய், "எனக்கு ஆபரேஷன் ஆயிருக்கு, இந்தப் பக்கம் உள்ளே பை மாதிரி தச்சுக் கொடும்மா, பஞ்சு வச்சுக்கறேன்" என்றேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அளந்து எழுதிக்கொண்டாள். சிலிக்கானில் செய்த செயற்கை மார்பகம், அதற்கான பாக்கெட் வைத்த பிரா எல்லாம் கிடைக்கிறது. விலை கட்டுப்படியாகாதவர்களுக்குப் பருத்தி நூலில் பின்னியதை இலவசமாகத் தரும் தன்னார்வக் குழுக்கள் இருக்கின்றன, மருத்துவமனை சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். எதுவும் வைக்காமல் அப்படியே நடமாடுகிறவர்களும் உண்டு, அதுவும் அவரவர் இஷ்டம். அந்தப் பக்கத்துக் கை வளையல் திடீரென்று இறுக்கினால் மட்டும் அழகுப் பிரச்சினை என்று விடாதீர்கள், நிணநீர் வீக்கத்தின் தொடக்கமாக இருக்கலாம், பிசியோதெரபிஸ்டிடம் போங்கள்.

படி 7: வீட்டுக்காரர்

அவர் தொடவில்லை என்றால் அருவருப்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வலிக்குமோ என்று பயந்து அவர் ஒதுங்கிப் படுத்திருப்பார். எங்கள் வீட்டில் எட்டு மாதம் இப்படியே போனது, பிள்ளைகள் தூங்கின பிறகு மாடியில் உட்கார்ந்து "பயமா இருக்கா, பிடிக்கலையா" என்று நேராகக் கேட்டேன். பதிலுக்கு அவர் அழுதார். கேட்டிருக்காவிட்டால் எட்டு வருடமாகியிருக்கும்.

உடலுறவில் வலி என்பது ஹார்மோன் குறைந்து வறண்டு போவதால். மெடிக்கலில் கிடைக்கும் வழவழப்பு ஜெல்லிலேயே பலருக்குச் சரியாகும். ஹார்மோன் கலந்த க்ரீமை மட்டும் கேன்சர் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். இன்னொன்று, டமாக்சிஃபென் போடும்போது மாதவிடாய் வராவிட்டாலும் கரு தங்கலாம், அது குழந்தைக்கு ஆபத்து. கருத்தடை மாத்திரை நமக்கு ஆகாது, காப்பர் டி மாதிரி ஹார்மோன் இல்லாத வழியைக் கேளுங்கள்.

படி 8: ஊர் வாய்

முடி போன தலையைப் பார்த்து "மொட்டை எந்தக் கோயில்?" என்று பஸ்ஸில் கேட்டார்கள். பழனி என்றேன். எல்லாருக்கும் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கு முழுசாகச் சொல்வது, யாருக்கு "உடம்பு சரியில்ல, இப்ப பரவாயில்ல" வரை, யாருக்குப் பழனி என்று மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கிறவர்களிடம் ஒரே ஒரு தடவை, "இது ஒட்டுவாரொட்டி இல்ல" என்று சத்தமாகச் சொல்லலாம். ஒரு வளைகாப்பில் வளையல் போட வரிசையில் நின்ற என்னைத் தாண்டி அடுத்தவளைக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டுக்கு நான் இப்போது போவதில்லை, அதில் எனக்குக் குற்ற உணர்ச்சியும் இல்லை.

"நீ போராளி, ஜெயிச்சுட்ட" என்கிற பாராட்டும் ஒரு சுமைதான். ஜெயித்தவள் எப்படி அழுவது? அதனால் அழுவதற்கென்று ஓரிரண்டு பேரைத் தேடிக்கொள்ளுங்கள், முடிந்தால் இதே சிகிச்சையைக் கடந்து வந்தவர்களாக. எனக்குக் கிடைத்தவர் ரிவ்யூ வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா ஒருவர், இன்றைக்கும் வாரம் ஒரு போன்.

படி 9: மகள்

இதை யாரும் கேட்கமாட்டார்கள், ராத்திரியில் நம்மைத் தின்பது இதுதான்: என் பொண்ணுக்கும் வருமா? மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். சின்ன வயதிலேயே வந்தது, குடும்பத்தில் மார்பகமோ சினைப்பையோ சம்பந்தப்பட்ட புற்றுநோய் இன்னொருவருக்கும் இருந்தது என்றால் மரபணு ஆலோசனை கேளுங்கள். என் மகளுக்குப் பதினாறு வயதில் சொன்னேன், படம் வரைந்து காட்டி, கட்டி என்று சொல்லாமல் புற்றுநோய் என்றே சொல்லி. முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ எனக்கு இப்பவே டெஸ்ட் எடுக்கணுமாம்மா?" என்றாள். இல்லை. மரபணுவைப் பார்க்கிற அந்த ரத்தப் பரிசோதனையை முதலில் எடுக்க வேண்டியது நோய் வந்தவர்தான், அதாவது நான். அதில் ஏதாவது தெரிந்தால்தான், அவள் பதினெட்டைத் தாண்டிய பிறகு, எடுப்பதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்வாள்.